டூப்ளிகேட் என்று நான் மூடியவை

எங்கள் ஆபீசில் வந்து விழுகிற புகார்களில் எது எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கமாகப் பேசுவது எனக்கு வராது. வராததை எதற்கு வருந்தி அழைக்க வேண்டும்?

துறைமுகத்தைச் சுற்றியிருக்கிற யார்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. மொத்தம் பன்னிரண்டு பேர். கீழே பேக்கரி, மாடியில் நாங்கள். காலை பத்து மணிக்கு மக்ரூன் வேகிற வாசனை படியேறி வந்துவிடும்; புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு மாதம் வாங்கி வாங்கித் தின்பார்கள், பிறகு அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். யார்டுக்குள் லாரி நுழைகிற கேட், லாரியை நிறுத்தி எடை போடுகிற எடைமேடை, சரக்கை இறக்கி வைக்கிற கிடங்கு, இந்த மூன்றுக்கும் எங்கள் சாஃப்ட்வேர்தான் ஓடுகிறது. ஏதாவது கோளாறு என்றால் யார்டில் இருப்பவர்களே எங்கள் இணையப் பக்கத்தில் எழுதிப் போடுவார்கள். எழுதின ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் விழும். அதைத்தான் டிக்கெட் என்போம்.

காலையில் வந்ததும் எல்லா டிக்கெட்டையும் நான் படிப்பேன். எது யார் தலையில் கட்ட வேண்டியது என்று பிரிப்பேன். பிறகு ஒன்றோடு ஒன்றை இணைப்பேன். இணைப்பதில் முக்கியமாக இரண்டு வகை. 'ரிலேட்டட்' என்று இணைத்தால் இரண்டு டிக்கெட்டும் திறந்தே இருக்கும். ஒன்றைப் பார்க்கிறவர் மற்றதையும் பார்த்துக்கொள்ளலாம். 'டூப்ளிகேட்' என்று இணைத்தால் பழையது மட்டும் நிற்கும், புதியது அன்றைக்கே மூடிவிடும். எழுதியவருக்கு 'உங்கள் புகார் ஏற்கெனவே எங்கள் பார்வையில் உள்ளது' என்று ஒரு பதில் தானாகவே போகும். மூடின டிக்கெட்டை அதற்கப்புறம் நாய் கூட முகர்ந்து பார்க்காது.

நான் நாசரேத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊர்க்காரர் இரண்டு பேர் சென்னை ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தால், வண்டி கோவில்பட்டி தாண்டுவதற்குள் சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். எந்தச் சபை, எந்தத் தெரு, தாத்தா எந்தப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அவர் பெண் எடுத்தது சாத்தான்குளத்திலா மெய்ஞ்ஞானபுரத்திலா என்று நாலு கேள்வி. அதோடு முடிந்தது. 'அப்போ நீங்க எனக்கு மாமா முறை' என்று எதிர் சீட்டுக்காரர் பையிலிருந்து முறுக்கை எடுத்து நீட்டுவார். இந்தக் குணம் எனக்கு ரத்தத்திலேயே ஊறினது. ஒரு புகாரின் முதல் இரண்டு வரியைப் பார்த்தாலே, 'ஓ, நீ அந்த வீட்டுப் பிள்ளையா' என்று எனக்குத் தெரிந்துவிடும். மற்றவர்கள் அரை நாள் தேடுவதை நான் ஒரு டீ ஆறுவதற்குள் முடிப்பேன். வெள்ளிக்கிழமை தோறும் எத்தனை டிக்கெட் திறந்திருக்கிறது என்ற பட்டியல் எல்லா யார்டுக்கும் போகும். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினதே இல்லை. முதலாளி அண்ணாச்சி வாய்விட்டு யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. அவரே என்னை இரண்டு தடவை பாராட்டியிருக்கிறார்.

போன வருஷம் ஆனி மாதம் ஒரு டிக்கெட் வந்தது. எடைமேடையில் லாரி நிற்கும்போது எண் நிலையாக நிற்காமல் ஆடுகிறது என்று. எங்கள் ஊரில் ஆனி பிறந்தால் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தார்ப்பாய் போட்ட லாரியை மேடையில் நிறுத்தினால் காற்று அதைத் தூக்கிப் பார்க்கும், அமுக்கிப் பார்க்கும். திரையில் எண் முப்பது கிலோ கூடும், நாற்பது கிலோ குறையும். எண் அசையாமல் நின்ற பிறகுதான் சீட்டு அச்சாக வேண்டும் என்று மாற்றி எழுத வேண்டியிருந்தது. அது லேசான வேலை இல்லை, மாதக்கணக்கில் இழுத்தது. அதற்குள் எடை சரியில்லை என்று எந்த யார்டிலிருந்து என்ன வந்தாலும் அந்த ஒரு டிக்கெட்டுக்குக் கீழே டூப்ளிகேட் என்று மாட்டிக்கொண்டே வந்தேன். காற்று டிக்கெட் என்று அதற்குப் பேரே வைத்துவிட்டோம். கல்யாண வீட்டில் செருப்பு குவிகிற மாதிரி அதன் கீழே புகார்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறதே என்று எனக்குப் பெருமைதான்.

அதில் ஒரு யார்டிலிருந்து வந்த டிக்கெட்டுகள் கொஞ்சம் அதிகம். மதுரை பைபாஸ் பக்கம் உப்பை மூட்டை பிடித்து கண்டெய்னரில் ஏற்றுகிற யார்டு. உப்பளத்திலிருந்து லாரி வரும். லோடோடு ஒரு எடை, இறக்கின பிறகு காலியாக ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உப்பு. எழுதுகிறவள் அங்கே எடைமேடை கேபினில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். அளத்தில் போட்ட எடைச்சீட்டை டிரைவர் கொண்டு வருவார். அதில் இருக்கிறதை விடத் தன் மேடையில் உப்பு குறைவாக வருகிறது என்று லாரி நம்பர் போட்டு எழுதுவாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து, புள்ளி கமா எதுவும் இல்லாமல் நீளமாக எழுதுவாள். எனக்கு அதைப் படிக்கப் பொறுமை இருந்ததில்லை. எடை, குறைவு என்று இரண்டு வார்த்தை கண்ணில் பட்டதும் காற்று என்று மாட்டிவிடுவேன். சில நாள் அவளுடைய டிக்கெட்டை மூட எனக்கு இருபது விநாடி கூட ஆகியிருக்காது.

புரட்டாசியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வருகிறேன், என் மேஜை போன் அடித்தது. அந்தப் பெண்தான். என் பெயரை எப்படிப் பிடித்தாள் என்று கேட்டேன். ஒவ்வொரு டிக்கெட்டுக்குக் கீழேயும் மூடினவர் பெயர் என்று சின்ன எழுத்தில் வருகிறதே, அதைப் பார்த்துத்தான் என்றாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள்.

"அக்கா, திங்கக்கெழமைல இருந்து வராண்டாம்னு சொல்லப் போறாங்களாம். ஒவ்வொரு லோடுலயும் உப்பு கொறையுதுன்னு அளத்துக்காரர் வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருக்காரு. டிரைவரும் நானும் சேந்து களவாங்குதோம்னு மேனேஜர் நெனைக்காரு. நான் எழுதுனதை எல்லாம் நீங்க எதுக்குக்கா மூடுதீங்க?"

உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்று மேனேஜர் நாலு பேர் முன்னால் வைத்துச் சொன்னாராம். எனக்கு அந்த நேரத்தில் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வேலையை ஒருத்தி கேள்வி கேட்கிறாளே என்ற கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. காற்று என்றால் என்ன, எண் ஏன் ஆடும், எங்கள் ஆட்கள் என்ன மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினேன். அவள் நடுவில் பேசப் பார்த்தாள். ஏளா, காத்துன்னு சொல்லுதேன்லா என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். முகம் பார்க்காத ஒரு பெண்ணை, அதுவும் கஸ்டமரை, அப்படிக் கூப்பிட்டது தப்பு. அதற்கும் அவள் குரலை உயர்த்தவில்லை.

"காத்து நின்னு பத்து நாளாச்சு. இங்கன கொடி கம்பத்தோட ஒட்டிக்கிட்டுத் தொங்குது. நீங்க ஒருவாட்டியாவது நான் எழுதுனத கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்றேன்.

"ஒரே மாதிரி இருந்தா ஒண்ணாயிருமாக்கா? அக்காளுக்குத் தாலி கட்டுனா தங்கச்சிக்கும் கட்டுனதா ஆயிருமா?"

போனை வைத்த பிறகு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் அவளைத் திட்டினேன். யார்டுக்காரர்களுக்கு வாய் கூடிப்போய்விட்டது என்றேன். பத்து நிமிஷம் திட்டின பிறகு, நான் சொன்னது சரி என்று காட்டவே, அவளுடைய முதல் டிக்கெட்டைத் திறந்து வாசித்தேன். பிறகு இரண்டாவது. மூன்றாவதை வாசிக்கும்போது திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

காற்று எடையைக் கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும். அதற்கு ஓரவஞ்சனை கிடையாது. இவள் எழுதினது எல்லாமே குறைவு, ஒன்று கூடக் கூடுதல் இல்லை. அதுவும் எவ்வளவு குறைவு? காற்றென்றால் ஒரு நாள் இருபது, ஒரு நாள் நாற்பது என்று கண்டபடி வரும். இவள் எழுதினது கிட்டத்தட்ட இருநூறு கிலோ, இல்லையென்றால் நானூறு. நடுவில் எதுவும் இல்லை. இதைப் பார்க்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், கண் இருந்தால் போதும். ஒரு டிக்கெட்டின் கடைசியில் அவளே எழுதியிருந்தாள்: 'எல்லா லாரிக்கும் இல்லை, சில லாரிக்கு மட்டும், அதே லாரிகள்தான் திரும்பத் திரும்ப.' நான் அந்த வரி வரைக்கும் போனதே இல்லை.

காற்று டிக்கெட்டும் இவளுடையதும் சொந்தமே இல்லை. எடை என்கிற ஒரு வார்த்தை இரண்டிலும் இருந்தது, அவ்வளவுதான். ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தவரின் ஊரைக் கேட்காமலே மாமா என்று கூப்பிட்டு, அவர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் எனக்குப் பழக்கமில்லாத சமாசாரம். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை அண்ணாச்சியிடம் போய், இவளுடைய டிக்கெட்டுகளை எல்லாம் காற்றிலிருந்து பிரித்து மறுபடி திறக்கப் போகிறேன் என்றேன். அன்று வெள்ளிக்கிழமை. பட்டியல் போகிற நாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழையதைத் தொடாதே, புதிதாக ஒன்று திறந்து அதில் வைத்துப் பார் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூடினதை எல்லாம் திறந்தால் பட்டியலில் சிவப்பாக வரும். யார்டு மேனேஜர் பார்ப்பார். ஏன் மூடினீர்கள் என்று கேட்பார். மூடினது என் பெயரில். என் பெயர் என்றால் கம்பெனி பெயர்.

எனக்கும் ஒரு நிமிஷம் அது இனித்தது என்பதை ஒளிக்க மாட்டேன். புதிய டிக்கெட், புதிய தேதி, எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் தேதியில்தான் அந்தப் பெண்ணின் உயிர் இருந்தது. ஆடி மாதத்தில், முதல் லோடு குறைந்த அன்றைக்கே அவள் எழுதியிருக்கிறாள். அளத்துக்காரர் வந்து சத்தம் போடுவதற்கு எத்தனையோ வாரம் முன்னால். களவாங்குகிறவள் தன் களவைத் தானே லாரி நம்பரோடு எழுதிக் கொடுப்பாளா? அவளுக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பழைய டிக்கெட்டுகள்தான். அதை நான் காற்றுக்குக் கீழே புதைத்து வைத்திருக்கிறேன்.

"புதுசு போட்டா இன்னைக்குத் தேதிதான விழும் அண்ணாச்சி. மாட்டிக்கிட்ட பெறவுதான் எழுதுதாளுன்னு சொல்லுவாங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, எதை எழுதினாலும் பார்த்து எழுது என்று மட்டும் சொன்னார். அதை நான் சரி என்று எடுத்துக்கொண்டேன். என் இடத்துக்கு வந்து ஒவ்வொன்றாகக் காற்றிலிருந்து கழற்றினேன். டூப்ளிகேட் என்பதை எடுத்ததும் மூடினது திறக்கும், பழைய தேதி அப்படியே நிற்கும். எல்லாவற்றையும் திறந்து, முதல் டிக்கெட்டைத் தலையாக வைத்து, மற்றவற்றை அதனோடு ரிலேட்டட் என்று இணைத்தேன். கீழே ஆபீஸ் இங்கிலீஷில் ஒரு குறிப்பும் எழுதினேன்: இவை தவறுதலாக டூப்ளிகேட் என்று குறிக்கப்பட்டுவிட்டன, தனிச் சிக்கலாகக் கருதப்பட வேண்டும் என்று. எழுதி முடித்ததும், எவ்வளவு தைரியமாக ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

அவள் முன்னாலேயே சொன்னாள் என்பதற்கு இனி சாட்சி இருக்கிறது. ஆனால் உப்பு எங்கே போகிறது என்று தெரியாத வரை மேனேஜர் விட மாட்டார். அவள் கொடுத்த லாரி நம்பர்களில் ஒன்றை எடுத்துத் தேடல் பெட்டியில் போட்டேன். அவளுடைய டிக்கெட்டுகள்தான் வந்தன, வேறு எதுவும் இல்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. எங்கள் தேடல் அந்தந்தப் பகுதிக்குள்ளேதான் தேடும். எடைமேடையில் நின்று தேடினால் கேட் பகுதி கண்ணில் படாது. அப்படிப் பிரிக்கச் சொன்னவள் நான்தான். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிகள் பொத்தானின் நிறத்தை மாற்று, எழுத்தைப் பெரிதாக்கு என்று தினமும் எழுதுகிறார்கள், நான் ஏதாவது தேடினால் அந்தக் குப்பையும் சேர்ந்து வருகிறது என்று சண்டை போட்டுப் பிரித்து வாங்கினேன். இப்போது எல்லாப் பகுதியிலும் தேடு என்ற கட்டத்தைத் தொட்டேன்.

கேட் பகுதியிலிருந்து ஒன்று வந்தது. அதே யார்டு. செக்யூரிட்டி ஒருவர் இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்ட வசதி. யார்டிலிருந்து எந்தப் பொருள் வெளியே போனாலும் கேட் பாஸில் எழுத வேண்டும் என்பது விதி. உப்பு லாரிகள் திரும்பிப் போகும்போது குடிதண்ணீர் ட்ரம் கொண்டு போகின்றன, அதை எழுத பாஸில் இடமில்லை, கையால் எழுத வேண்டியிருக்கிறது, ஒரு கட்டம் வைத்துக் கொடுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார். உதாரணத்துக்கு நாலு லாரி நம்பர் கொடுத்திருந்தார். நாலும் அவள் கொடுத்த நம்பர்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று அதையும் ஓரத்தில் ஒதுக்கி வைத்தவள் நான்தான்.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். ஒரு நீல ட்ரம் இருநூறு லிட்டர். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு ட்ரம் என்றால் நானூறு.

வேம்பார் பக்கத்து அளங்களில் உப்புத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது. வேலை செய்கிறவர்கள் குடிக்க, லோடு இறக்கிவிட்டுத் திரும்புகிற லாரி நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு போகும். ஊரை ஒட்டின அளங்களுக்கு அந்தத் தேவை இல்லை. அதனால்தான் வேம்பார்ப் பக்கமிருந்து வருகிற சில லாரிக்கு மட்டும் குறைந்தது. இது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அளத்துக்குத் தண்ணீர் பிடிக்கிறவனை யாரும் தடுக்க மாட்டார்கள், எவ்வளவு பிடித்தாய் என்றும் கேட்க மாட்டார்கள். தாகத்துக்குக் கொடுக்கிறதை அளந்து பார்ப்பது பாவம். அந்த யார்டிலும் ஆடி பிறந்ததும் ஷெட்டுக்குப் பின்னால் அதற்கென்றே புதிதாக ஒரு குழாய் போட்டு வைத்திருந்தார்கள். அப்படி எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அந்தத் தண்ணீருக்கும் எடை உண்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேனேஜருக்குத் தோன்றவில்லை, டிரைவருக்குத் தோன்றவில்லை, அந்தப் பெண்ணுக்கும் தோன்றவில்லை.

உடனே அவளுக்குப் போன் போட்டேன். உப்பை இறக்கின பிறகு தண்ணீர் பிடித்துவிட்டுக் காலி எடைக்கு வருகிறார்களா, இல்லை எடை போட்டுவிட்டுப் போய்த் தண்ணீர் பிடிக்கிறார்களா என்று கேட்டேன்.

"ஷெட்டுல உப்ப இறக்கும்போதே பிடிச்சிருவாங்க. ட்ரம் எப்பவும் லாரி கேபினுக்குப் பின்னால கட்டியே கெடக்கும்லா. நெறைஞ்சிருக்கா காலியான்னு இங்கன ஜன்னல்ல இருந்து தெரியாது" என்றாள். பிறகு மெதுவாக, "மாதாவே, தண்ணியாக்கா" என்றாள்.

தண்ணீர்தான். காலி லாரியில் இருநூறு கிலோ தண்ணீர் நின்றால் காலி எடை கூடும், உப்பு அவ்வளவுக்குக் குறையும். அவளுடைய டிக்கெட்டுகளையும் செக்யூரிட்டியின் டிக்கெட்டையும் இணைத்தேன். எடைமேடையையும் கேட்டையும் சேர்த்து ஒரு இணைப்பு போடுவது எங்கள் கம்பெனியில் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அன்று சாயங்காலப் பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டது. சிவப்பு சிவப்பாக. அதை அனுப்புகிற பொத்தானை நான்தான் அமுக்கினேன்.

சனிக்கிழமை காலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு யார்டுக்கே போய்விட்டேன். அண்ணாச்சி போகச் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேபினில் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. அவள் டிக்கெட் எழுதுகிற நீளத்துக்கு வாயாடியாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இருங்கக்கா என்று மட்டும் சொன்னாள். மேனேஜர் என் பட்டியலை போனில் திறந்து வைத்துக்கொண்டே வந்தார்.

வேம்பார் லாரி வந்தது. லோடோடு எடை போட்டோம். ஷெட்டில் உப்பை இறக்கினதும் குழாய்க்குப் போகாமல் நேராக மேடைக்கு வரச் சொன்னோம். காலி எடை போட்டாள். டிரைவர் கொண்டு வந்திருந்த அளத்துச் சீட்டோடு பத்து கிலோ வித்தியாசத்தில் ஒத்துப்போனது. பிறகு போய் இரண்டு ட்ரம்மும் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு மறுபடி மேடைக்கு வரச் சொன்னோம். திரையில் எண் ஏறி நின்றது. நானூறு கூடுதல். மேனேஜர் குனிந்து எண்ணை மறுபடி ஒருமுறை பார்த்தார். டிரைவர் கீழே நின்றுகொண்டு, தண்ணிக்குமா எடை போடுதீய என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

இனிமேல் எடை போட்ட பிறகுதான் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அளத்துக்காரருக்குத் தானே போன் பண்ணிச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பெண்ணைப் பார்த்து, "செரி செரி, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நாலு பேர் முன்னால் களவாணி என்ற மாதிரி பேசினீர்களே, அதே நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை.

"நான் வாராவாரம் உங்க லிஸ்டப் பாக்கேன் மேடம். இந்தப் பிள்ள எழுதுனது ஒண்ணு கூட அதுல இல்ல. நீங்க மூடாம இருந்திருந்தா நான் எதுக்கு இவளச் சந்தேகப்படப் போறேன்?"

அவர் கையிலிருந்த போனில் என் பட்டியல் சிவப்பு சிவப்பாகத் திறந்து கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் போன பிறகு, நான் எழுதின குறிப்பைக் காட்டச் சொன்னாள். அவளுடைய கம்ப்யூட்டரிலேயே திறந்து காட்டினேன். விரல் வைத்துக் கொஞ்ச தூரம் படித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். தவறுதலாகக் குறிக்கப்பட்டுவிட்டது என்று இருக்கிறது என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. யார் செய்தது, யாருக்குச் செய்தது, ஒன்றும் அதில் இல்லை. மழை பெய்தது என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்.

"இத எனக்குத் தமிழ்ல ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

யாருக்குக் காட்ட, மேனேஜருக்கா என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வீட்ல அவியளுக்கு. மாலத்தீவுக்குத் தோணில போறாவ. ஆடி ஆவணி தோணி போவாதுல்லா, வீட்லதான் இருந்தாவ. அந்த டிரைவரையும் என்னையும் சேத்து யாரோ அங்கனயும் போய்ச் சொல்லிட்டாங்க. நான் அன்னைக்கன்னைக்கே எழுதுதேன்னு சொன்னேன். எழுதுனா பதில் வருமே, எங்கன்னு கேட்டாவ. பதில் என்னத்தக் காட்ட? மூடியாச்சுன்னுதான வந்துருக்கு. பேச்சு நின்னு ஒரு மாசமாச்சுக்கா. திங்கக்கெழம தோணி ஏறுதாவ."

வேலை போகப் போகிறது என்று மட்டும்தான் அவள் போனில் சொல்லியிருந்தாள். நான் இருபது விநாடியில் மூடி வைத்தது அவள் வீட்டுக்குள் வரைக்கும் போயிருக்கிறது. அழவில்லை, நான் அழுதால் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பாவமும் எனக்கு வேண்டாம்.

எடைச்சீட்டு அச்சடிக்கிற தாளில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். நாள் முழுவதும் டைப் அடிக்கிற கை, பேனா பிடித்து மாதக்கணக்காகிவிட்டது. முதல் வரியை 'எங்கள் நிறுவனத்தில்' என்று ஆரம்பித்தேன். கோடு போட்டு அடித்தேன். அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'உப்பு லாரிகளில் எடை குறைகிறது என்று முதன்முதலில் கண்டுபிடித்துச் சொன்னது இந்தப் பெண்தான். குறைந்த அன்றைக்கே சொன்னார். யாரும் கேட்பதற்கு முன்னால் சொன்னார். அதற்குப் பிறகும் பலமுறை சொன்னார். அவர் எழுதினதை முழுவதும் படிக்காமல் மூடினது நான். அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது.'

அவள் வாங்கி, உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. தாளைத் திரும்ப என் முன்னால் வைத்து, ஒரு இடத்தில் விரலை ஊன்றினாள்.

"பலமுறை இல்லக்கா. மொத்தம் ஒம்பது. ஒம்பது தடவைன்னு போடுங்க."

அடித்துவிட்டு, ஒன்பது தடவை என்று எழுதி, கீழே என் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.